டியர்னி வீட்டு ஆடுகள்

"அந்தப் பஸ்ஸைப் பின்பக்கமாய்க் கொண்டுபோய் விடச் சொல்லு பிள்ளை. சனம் வரத் தொடங்குது."

பெரியப்பா வந்து இப்படிச் சொன்னபோது சுஜானி அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். கை பிசகி மாலை ஒரு பக்கம் சரிந்தது.

"ஏன் பெரியப்பா?"

"ஏனோ? வெளியிலை போய்ப் பார். பஸ் முழுக்க வைன் கிளாஸ் கீறி வைச்சிருக்கிறாங்கள். செத்தவீட்டு வாசலிலை நிப்பாட்டுற சாமானே அது?"

அவள் கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தாள். டுசல்டோர்ஃப் தகனசாலையின் வாகனத் தரிப்பிடத்தில் ஐந்து கார்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அது நின்றது. அப்பா பதினாறு வருடம் ஓட்டிய பஸ். பக்கவாட்டில் ஆளை விட உயரமான ஒரு வைன் கிளாஸ், அதற்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் அயர்லாந்தின் அடையாளமான மூவிலைப் புல், கீழே ஜெர்மன் எழுத்தில் 'பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் ஐரிஷ் குடும்பங்களைத் தேடி ஏழு நாட்கள்'. அப்பாவோடு வேலை செய்தவர்கள் பதினொரு பேர் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு ரையுமாக அதிலிருந்து இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் கும்பலாக நின்றார்கள்.

"அது அப்பா ஓட்டின பஸ்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்" என்றார் பெரியப்பா. "அவங்கள் என்னவோ எங்கடை சனத்தைச் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஏத்தி இறக்கிறம் எண்டு கேட்டவங்களாம். வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டன். எங்கடை ஆக்கள் அதிலை ஏறுவினமே? நாளைக்கு ஊர் முழுக்கப் படம் போகும்."

சுஜானிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நான் சொல்லமாட்டன். வேணுமெண்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றாள். அவரும் விடவில்லை. தன் மகன் கீர்த்தனனை அனுப்பிச் சொல்லுவித்தார். மூன்று நிமிடத்தில் பஸ் கட்டடத்தைச் சுற்றிப் போய், குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது.

பெரியப்பா ஸ்ரீஸ்கந்தராஜா சும்மா ஆள் இல்லை. ஊர்ச்சங்கத்துக்குத் தலைவர், கோயில் பரிபாலன சபையில் செயலாளர், யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். அப்பா இறந்த செய்தி வந்த அன்றே வீட்டுக்கு வந்து மேசையில் அமர்ந்து எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மா மங்கையற்கரசி அழுதுகொண்டிருந்தாள். சுஜானி பிரான்சிலிருந்து உடலைக் கொண்டுவரும் கடுதாசிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் பெரியப்பா மரண அறிவித்தலைப் போட்டுவிட்டார். வேலைக்குப் போகும் வழியில், ரயிலில், தோழி ஒருத்தி அனுப்பித்தான் சுஜானி அதைப் பார்த்தாள்.

'யாழ். தீவகத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி டுசல்டோர்ஃபை வதிவிடமாகவும் கொண்ட சுற்றுலாத்துறை முகாமையாளர் வேலுப்பிள்ளை நவரத்தினம் அவர்கள், பிரான்ஸ் லூர்து அன்னையின் திருத்தலத்துக்கு யாத்திரை சென்றிருந்த வேளை இறைபதம் அடைந்தார்.'

லூர்துக்கு ஒரு தரமாவது போகாத யாழ்ப்பாணத்துச் சைவக்காரரை ஜெர்மனியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அப்பா இறந்தது போர்டோவில். ஒரு திராட்சைத் தோட்டத்தின் வாகனத் தரிப்பிடத்தில். லூர்து அங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றர். முகாமையாளராம்! அப்பா சாரதி. பதினாறு வருடமாகச் சாரதி.

அவள் ரயிலிலிருந்தே பெரியப்பாவுக்கு அடித்தாள். ரயில்பெட்டி முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"ஏன் பொய் எண்டு சொல்லுறாய்?" என்றார் அவர் ஆறுதலாக. "மூண்டு வருசத்துக்கு முன்னம் லூர்துக்குப் போனவன்தானே? பிள்ளை, உனக்கு எங்கடை சனத்தைத் தெரியாது. அவன்ரை பையோடை ஆறு போத்தில் வைன் வந்து இறங்கினதை வீட்டிலை நிண்ட ஆக்கள் எல்லாரும் கண்டவை. வைன் தோட்டத்திலை செத்தவன் எண்டால் என்ன கதைப்பினம்? குடிச்சுப்போட்டுச் செத்தவன் எண்டுதான். நான் மானத்தை மறைச்சு வைச்சிருக்கிறன். நீ நன்றி சொல்ல வேணும்."

அப்பா குடிப்பதில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. சாரதிக்கென்று தோட்டக்காரர் கொடுக்கும் போத்தல்களைத் திரும்பி வரும் வழியில் சீட்டுக் குலுக்கிப் பயணிகளுக்கே கொடுத்துவிடுவார். இந்தமுறை திரும்பி வரும் வழி இருக்கவில்லை. செய்யாத குற்றத்தை மறைக்கப் பொய் சொன்னால் குற்றம் செய்தது போலத்தானே ஆகும் என்று அவள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அம்மாவிடமும் கேட்டாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்த மௌனம்தான் சுஜானிக்கு எல்லாவற்றையும் விடக் கூடுதலாக எரிந்தது.

பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஒரு மணிக்கு அடுத்த ஆட்கள் வருவார்கள், பன்னிரண்டே முக்காலுக்கு முடித்துக்கொடுக்க வேண்டும் என்று தகனசாலைக்காரர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். அப்பா பெட்டிக்குள் கோட்டும் சூட்டுமாகக் கிடந்தார். அந்தக் கோட்டு பெரியப்பா வாங்கியது. அப்பா வேலைக்குப் போடும் நீலச் சட்டையை அவள் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்திருந்தாள்; அது கீர்த்தனனின் காருக்குள்ளேயே கிடந்தது.

கிரியை செய்தது கீர்த்தனன். ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பெறாமகன். நான்கு வருடமாகச் சித்தப்பாவுக்கு ஒரு போன் அடிக்காதவன் ஈர வேட்டியோடு நின்று தர்ப்பை போட்டுக்கொண்டான். பெண் பிள்ளைக்கு ஏலாதாம். அவளும் அம்மாவும் கதிரையில் இருந்து பார்த்தார்கள். வந்தவர்கள் வரிசையாக வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "குடுத்து வைச்ச மனிசன், மாதா கூப்பிட்டு எடுத்திட்டா" என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு தரமும் சுஜானி பல்லைக் கடித்தாள்.

பிறகு இரங்கலுரைகள். பெரியப்பாவின் கையில் பெயர்ப் பட்டியல். முதலாவது அவரே.

"என்ரை தம்பி ஜீவகாருண்யம் உள்ளவன்" என்று தொடங்கினார். "இஞ்சை இருக்கிற எங்கடை ஊர் ஆக்களுக்குத் தெரியும். தீவுக்குள்ளை ஆமி இறங்கின அண்டு நாங்கள் எல்லாரும் வள்ளத்திலை ஏறியாச்சு. கட்டின ஆட்டை அவிட்டு விடவேணும் எண்டு இவன் குதிச்சுத் திரும்பி ஓடினவன். அம்மா குளறக் குளற ஓடினவன். வாயில்லாச் சீவனுக்காகப் பெத்த தாயையே விட்டுப் போனவன். அந்த ஏக்கத்திலை அம்மா பத்து நாளிலை போயிட்டா. அவன் வந்து சேரேக்கை எல்லாம் முடிஞ்சுது. ஆனால் நான் அவனை ஒரு நாளும் குறை சொல்லேல்லை."

குறை சொல்லவில்லையாம்! பிறந்தநாள் வீடு, சாமத்தியவீடு, கலியாணவீடு, எங்கே கூடினாலும் இந்த ஆட்டுக் கதையை அவர் எடுக்காமல் விட்டதில்லை. "உன்ரை கொப்பனுக்கு ஆடுதான் பெரிசு" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அல்லது உச்சுக் கொட்டுவார்கள். அப்பா குனிந்து கையிலிருக்கும் வடையைத் தின்பார். பதினைந்து வயதில் ஒரு நாள் காருக்குள் வைத்துச் சுஜானி கேட்டாள், ஏனப்பா திரும்பிப் போனீங்கள் என்று. "ஆடு கட்டினபடி நிண்டது பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவளுக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் முழுதாக ஆறவே இல்லை. தாயை விட்டு ஆட்டுக்குப் போகும் ஒரு மனிதன். "ஒருக்கா என்னோடை ரூர் பஸ்ஸிலை வா பிள்ளை, நல்ல கதையெல்லாம் இருக்கு, முன் சீற்றிலை இருத்திக் கொண்டுபோறன்" என்று எத்தனை வருடம் கேட்டிருப்பார். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு டெர்மின், முன்பே நாள் குறித்த வேலை, இருந்தது.

பரிபாலன சபையிலிருந்து வந்தவர் அப்பாவைப் பற்றி இரண்டு வசனமும், புதுத் தேரைப் பற்றிப் பதினொரு நிமிடமும் பேசினார். அவர் இறங்கும்போது பின் வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்கார மனுஷி எழுந்து சுஜானியிடம் வந்தாள். டொறத்தி. அப்பாவின் சுற்றுலாக்களுக்கு வழிகாட்டியாகப் போகிறவள். போர்டோவிலிருந்து அப்பா இறந்த செய்தியைப் போனில் சுஜானிக்குச் சொன்னதும் இந்தக் குரல்தான்.

"நான் ஐந்து நிமிடம் பேசலாமா? நவாவைப் பற்றி" என்று ஜெர்மனில் கேட்டாள்.

சுஜானி மைக்கை எடுக்கப் போனாள். பெரியப்பா குறுக்கே வந்தார்.

"உந்த மனிசி என்னத்தைக் கதைக்கப்போறா? வைன் கதையோ? நேரமில்லை எண்டு சொல்லு."

"தேர்க் கதைக்குப் பதினொரு நிமிசம் இருந்தது பெரியப்பா."

"சுஜா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். எங்கடை அப்பாவோடை பதினாறு வருசம் ஒரே பஸ்ஸிலை இருந்த மனிசி. உங்கடை பட்டியலிலை இருக்கிற ஆக்களிலை ஆராவது பதினாறு நாள் அவரோடை இருந்திருக்கினமோ?"

அவள் குரல் மண்டபத்துக்குக் கேட்டது. பெரியப்பா மைக்கை விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் அம்மா, பன்னிரண்டு நாளாக இந்த விஷயத்தில் வாயே திறக்காத அம்மா, கதிரையிலிருந்தபடி சொன்னாள்: "கதைக்கட்டும்."

பெரியப்பா கையை எடுத்தார்.

டொறத்தி பேசினாள். சுஜானி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

"நாங்கள் அண்டைக்குக் காலமை பத்தே முக்காலுக்கு டியர்னி எண்ட தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தனாங்கள். நவா பஸ்ஸை நிழலிலை விட்டவர். முன் கண்ணாடியைத் துடைச்சவர். ஆக்கள் எல்லாரும் வைன் ருசி பாக்க உள்ளை போயிட்டினம். நான் ஒண்டரை மணித்தியாலத்தாலை திரும்பி வந்தன். அவர் தன்ரை சீற்றிலை இருந்தவர். மூக்குக்கண்ணாடி கையிலை இருந்தது. நித்திரை எண்டு நினைச்சன்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. "லூர்து எண்டெல்லோ சொன்னவை?" என்று யாரோ கேட்டார்கள். பெரியப்பா முன் வரிசையில் போய் இருந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துப் பொய் போனது. சுஜானிக்கு நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கியது போல இருந்தது.

"எங்கடை ரூர் என்னெண்டால், முந்நூறு வருசத்துக்கு முன்னம் அயர்லாந்திலை சண்டையிலை தோத்து ஓடி வந்த குடும்பங்கள் பிரான்சிலை உண்டாக்கின தோட்டங்களைப் பாக்கிறது. இண்டைக்கும் போத்தில்களிலை அவையின்ரை பேர்தான் இருக்கு. வழமையாய் நான்தான் அந்தக் கதைகளைச் சொல்லுறது. ஒரு முறை எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. நவாட்டை மைக்கைக் குடுத்தன். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அவர் டியர்னி குடும்பத்தின்ரை கதையைச் சொன்னார். ஆக்கள் கை தட்டிச்சினம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ரூரிலும் டியர்னி கதை அவருக்குத்தான். பன்னிரண்டு வருசமாய் அவர்தான் சொன்னவர். எனக்கு மனப்பாடம். அதை இண்டைக்கு அவருக்காக நான் சொல்லப்போறன்."

அப்பா மைக்கில் பேசுவாரா? வீட்டில் நாலு வசனம் சேர்த்துப் பேசாத அப்பா, முன்பின் தெரியாத ஐம்பது வெள்ளைக்காரருக்குக் கதை சொல்லியிருக்கிறார். சுஜானிக்கு அதற்கும் கோபம் வந்தது. இந்தமுறை யாரில் என்று தெரியவில்லை.

"டியர்னி வீட்டிலை அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஒரு தாய். எதிரி கரையிலை இறங்கியிட்டான் எண்டு விடியக் காலமை ஊர் ஓடத் தொடங்கிச்சுது. வள்ளம் வந்திட்டுது. தாயை ஏத்தியாச்சு. அப்பத்தான் தாய் அழுதவவாம், ஆடுகள் கட்டினபடி நிக்குது, பட்டினி கிடந்து செத்துப்போகும் எண்டு. அண்ணன்காரன் தம்பியைப் பாத்து..."

சுஜானி நிறுத்தினாள்.

டொறத்தி ஜெர்மனில் சொல்லி முடித்த வசனம் அவள் காதுக்குள் நின்றது. வாய்க்கு வரவில்லை. டொறத்தி பொறுத்துப் பார்த்துவிட்டு, விளங்கவில்லையோ என்று அதையே இன்னொரு தரம் மெல்லச் சொன்னாள். சுஜானி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தியிருந்தாள். அம்மாவுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் தெரிந்திருக்கிறது.

"சொல்லு பிள்ளை" என்றாள் அம்மா.

"அண்ணன்காரன் தம்பியைப் பாத்துச் சொன்னாராம், 'நீ ஓடிப்போய் அவிட்டுவிட்டிட்டு வா. நான் வள்ளத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்' எண்டு."

ஊர்க்காரர்கள் இருந்த வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று சுஜானிக்கு வெறியே வந்தது. இது போதும். முப்பத்துநாலு வருட வடைக்கும் சிரிப்புக்கும் இது போதும். ஆனால் டொறத்தி தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாயிலிருந்து வந்ததை அரைவாசியில் வெட்ட அவளுக்கு என்ன உரிமை?

"தம்பி திரும்பி வரேக்கை வள்ளம் இல்லை. தாயை அவர் பிறகு காணேல்லை. கதை இந்த இடத்துக்கு வந்தால் பஸ்ஸிலை ஆராவது ஒராள் கட்டாயம் கேக்கும், அந்த அண்ணன் என்ன மனிசன் எண்டு. நவா ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழிதான் சொல்லுவார். 'பதினேழு சனம் ஏறின வள்ளத்தை ஒரு ஆளாலை பிடிச்சு வைச்சிருக்க ஏலாது. அவர் பிடிச்சுத்தான் பாத்திருப்பார்.'"

டொறத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் எல்லாப் புத்தகத்திலும் தேடினன்" என்றாள். "ஒண்டிலும் ஆடு இல்லை. தோட்டக்கார அம்மாட்டையும் கேட்டன். அவ சிரிச்சா. தங்கடை ஆக்கள் சொந்தக் கப்பலிலை வசதியாய் வந்தவையாம். நான் நவாட்டை வந்து சொன்னன். 'அப்ப அது வேறை குடும்பமாக்கும்' எண்டு சொல்லிப்போட்டு பஸ் கண்ணாடியைத் துடைக்கப் போயிட்டார்."

அவள் பெட்டிக்குக் கிட்டப் போய்த் தலையைக் குனிந்தாள். பஸ்காரர் பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். பிறகு ஊர்க்காரர் வரிசையும் எழுந்து நின்றது.

"அப்பா, அடுத்தது ஆர்?" என்று கீர்த்தனன் குனிந்து கேட்டான். பட்டியலில் இன்னும் மூன்று பெயர் இருந்தது. பெரியப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஒருதரும் இல்லை" என்றார்.

வாய்க்கரிசி போட்டார்கள். பெரியப்பாவின் முறை வந்தபோது கையிலிருந்த அரிசி பாதி அப்பாவின் கோட்டில் சிந்தியது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு நின்றார். சுஜானி உதவிக்குப் போகவில்லை. அவளுக்கு இரக்கம் வரவில்லை, வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் பெட்டி உள்ளே போனது. கதவு மூடியது.

வெளியே வந்ததும் ஒரு வயதான மாமி, காது சரியாகக் கேளாதவள், பெரியப்பாவின் கையைப் பிடித்தாள். "கவலைப்படாதை தம்பி. மாதா கூப்பிட்டிட்டா."

"இல்லை மாமி" என்றார் பெரியப்பா. அவளுக்குக் கேட்க வேண்டும் என்று உரத்துச் சொன்னார். "தம்பி லூர்துக்குப் போகேல்லை. பஸ் ஓடப் போனவன். வேலைக்குப் போன இடத்திலை செத்தவன்."

பிறகு அவர் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். குப்பைத் தொட்டிகளின் பக்கமிருந்து பஸ் மெல்ல வந்து வாசலில் நின்றது. கார் இல்லாதவர்களை அதில் ஏறச் சொன்னார். கார் உள்ளவர்கள் சிலரும் ஏறினார்கள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் அந்தப் பெரிய வைன் கிளாஸுக்குக் கீழே வரிசையாக நின்று ஏறுவதைச் சுஜானி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவையும் ஏற்றினாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவின் படம் உள்ளே கிடக்கிறது.

அவள் திரும்பி ஓடினாள். மண்டபத்தில் அடுத்த ஆட்களுக்காக வெள்ளைப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தை யாரோ எடுத்து ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அறைக்காரரைத் தேடி, திறப்பைத் தேடி, மாலையோடு படத்தை வாங்கிக்கொண்டு வரப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. வாசலில் அடுத்த செத்தவீட்டுக் கார்கள் வந்து நின்று ஹோர்ன் அடித்தன. கீர்த்தனனின் கார் போய்விட்டது. அவர்கள் ஆட்களின் எல்லாக் காரும் போய்விட்டன.

பஸ் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடத்தை விடச் சொல்லித் தகனசாலைக்காரர் சாரதியின் ஜன்னலுக்குக் கீழே நின்று கையை ஆட்டினார். சாரதி கதவை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட முடியவில்லை. பெரியப்பா ஒரு காலைப் படியிலும் ஒரு காலை நிலத்திலும் வைத்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வார்ட்டன்! வார்ட்டன்!" என்று, பொறுக்கச் சொல்லி, அவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்திக்கொண்டிருந்தார்.

சுஜானி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் அவளைக் கண்டார். கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆறுதலாய் வா பிள்ளை" என்றார். "நான் பிடிச்சிருக்கிறன்."